காலடியில் ஒரு கம்பாசிட்டே

சென்ற ஆண்டு விளையாட்டு விழாவுக்கு இரண்டு நாள் முன்னதாக, மாலைப் பயிற்சியில் ஓடிக்கொண்டிருந்த இரண்டாமாண்டு வரலாற்று மாணவர் ஒருவர், திடலின் ஓரத்திலுள்ள துருப்பிடித்த கம்பி வேலியில் மோதி விழுந்தார். கெண்டைக்காலில் ஆழமான வெட்டு. செய்தி கேட்டு நான் தாவரவியல் ஆய்வகத்திலிருந்து போய்ச் சேர்வதற்குள் அவருடைய தோழர்கள் முதலுதவியை முடித்துவிட்டிருந்தார்கள். திடலில் படர்ந்து கிடந்த ஒரு பூண்டின் இலைகளைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைக் காயத்தில் பிழிந்து, சக்கையையும் அதன்மேல் வைத்துக் கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். இரத்தம் நின்றுபோயிருந்தது.

நான் கட்டை அவிழ்க்கச் சொன்னேன். குழாயடிக்கு அழைத்துச் சென்று சோப்புப் போட்டுக் காயத்தை நன்றாகக் கழுவச் செய்து, உடனே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளும்படி சொன்னேன். தோழர்களுக்கு மனத்தாங்கல். "சார், செடி கொடியைப் பாடம் நடத்துறவங்க நீங்க. நீங்களே இலையை நம்பலைன்னா வேற யார் சார் நம்புவா?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். நான் விடை சொல்லவில்லை. "முதலில் போய்வாருங்கள்" என்று மட்டும், சற்றுக் கடுமையாகவே சொன்னேன். காயம் ஆறிவிட்டது, அந்த மாணவர் இப்போது மூன்றாமாண்டுக்கு வந்துவிட்டார். கேள்விக்கான விடைதான் பாக்கி நிற்கிறது. ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் கேட்டபோது, அந்தக் கடனை இங்கேயே தீர்த்துவிடலாம் என்று எண்ணினேன். விடை சற்று நீளமானது. செடியிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும்.

அந்தப் பூண்டை அறியாதார் நம்மில் இலர். வெட்டுக்காயப் பூண்டு என்றும், கிணற்றுப்பாசான் என்றும், மூக்குத்திப் பூ என்றும் ஊருக்கு ஊர் பெயர் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் அது தாத்தாப் பூ. நீண்ட காம்பின் நுனியில் தனியாக நிற்கும் அந்தப் பூவின் தலையைக் கட்டைவிரலால் சுண்டிப் பறக்கவிடும் விளையாட்டை விளையாடாத பிள்ளைகள் எங்கள் தெருவில் இல்லை. தாவரவியலார் இதற்கு வழங்கும் பெயர் டிரைடாக்ஸ் புரோகம்பென்ஸ். புரோகம்பென்ஸ் என்றால் தரையில் கிடந்து படர்வது என்று பொருள். கம்பாசிட்டே என்ற பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. இக்குடும்பத்தை இப்போதைய நூல்கள் ஆஸ்டரேசி என்று எழுதுகின்றன. இரண்டு பெயருமே விதிப்படி செல்லும். நான் பழைய பெயரில் படித்தவன், அதனால் அதுவே நாவில் வருகிறது. சூரியகாந்தி, சாமந்தி, மரிக்கொழுந்து, கரிசலாங்கண்ணி எல்லாம் இந்தக் குடும்பமே. உலகில் இருபத்தையாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட குடும்பம் இது. பூக்கும் தாவரங்களுள் இதற்கு இணையாக நிற்கக்கூடியது ஆர்க்கிட் குடும்பம் ஒன்றுதான்.

எனக்கு இந்தச் செடி உண்மையில் அறிமுகமானது தெருவில் அன்று, செய்முறைத் தேர்வில். இளங்கலை முதலாண்டு. வெளித்தேர்வாளராக வந்த பெரியவர், மேசைமேல் கிடந்த ஒரு கிளையை எடுத்துக் காட்டி, "இதில் எத்தனை பூ இருக்கிறது?" என்று கேட்டார். கிளையில் ஒரு பூத்தான் இருந்தது. "ஒன்று, ஐயா" என்றேன். "நன்றாகப் பார்த்துச் சொல்" என்றார். மறுபடியும் பார்த்துவிட்டு, உறுதியான குரலில், "ஒன்றேதான், ஐயா" என்றேன். பதிவேட்டில் அந்தப் பூவை வெட்டுத்தோற்றமாக அழகாக வரைந்து, அம்புக்குறி போட்டு, எல்லாப் பாகத்துக்கும் பெயர் எழுதியவன் நான்தான். புத்தகத்தைப் பார்த்து வரைந்தேன்; கையிலிருந்த பூவைப் பார்க்கவில்லை. பெரியவர் கோபிக்கவில்லை. ஓர் ஊசியை எடுத்து அந்தத் தலையைப் பிரித்து, வெள்ளைத் தாளின்மேல் ஒவ்வொன்றாக வரிசையாக அடுக்கினார். மணி அடிக்கும்வரை அடுக்கிக்கொண்டிருந்தார். தாள் நிறையப் பூக்கள்.

அன்று அவர் செய்ததை இன்று நான் முதலாண்டு மாணவர்களுக்கு ஆண்டுதோறும் செய்து காட்டுகிறேன். பிற துறை மாணவர்களும் ஒரு கைலென்சும் ஊசியும் இருந்தால் தாமே செய்து பார்க்கலாம்.

நாம் பூ என்று சொல்வது ஒரு மஞ்சரி. பல பூக்கள் கூடிய கொத்து. சிரமஞ்சரி என்பது இதன் பாடப்பெயர். தலையின் அடியில் பச்சைநிறக் கிண்ணம்போல் இருப்பது புல்லி வட்டம் அன்று. அவை மஞ்சரி முழுவதையும் காக்கும் பூவடிச் செதில்கள். இங்கேதான் பெரும்பாலான மாணவர்கள் மதிப்பெண் இழக்கிறார்கள். கிண்ணத்தின் விளிம்பில் வெளிர்மஞ்சளாக, சில சமயம் ஏறக்குறைய வெள்ளையாக, நாம் இதழ் என்று நினைக்கும் பகுதிகள் பெரும்பாலும் ஐந்து இருக்கும். சில தலைகளில் மூன்றோ நான்கோ ஆறோ இருப்பதும் உண்டு. அவற்றில் ஒன்றை அடியோடு பிடுங்கிப் பாருங்கள். அது இதழ் அன்று, முழுப் பூ. கதிர்ச் சிறுமலர் என்று பெயர். நுனியில் இரண்டு அல்லது மூன்று பிளவு தெரியும். அடியில் சூற்பை இருக்கும், அதன்மேல் சூல்தண்டு இருக்கும்; மகரந்தத்தாள் இராது. ஆக, விளிம்பில் நிற்பவை எல்லாம் பெண் மலர்கள்.

நடுவில் அடர்ந்த மஞ்சளாகத் தெரிவதில்தான் கூட்டம். அங்கே வட்டத்தட்டுச் சிறுமலர்கள் பல பத்துகள் நெருங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஐந்து பற்கள் கொண்ட ஒரு சிறு குழாய். ஒவ்வொன்றிலும் ஆணும் பெண்ணும் சேர்ந்தே உண்டு. சூற்பை அல்லிக்குக் கீழே இருக்கிறது. உள்ளே ஒரே ஒரு சூல். புல்லி இதழ்கள் இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய இறகுபோன்ற இழைகள் ஒரு வட்டமாக நிற்கும். பாப்பஸ் என்பது அதுதான். பூக்கும்போது அதனால் பெரிய பயன் ஏதும் தெரியாது, காய்க்கும்போது தெரியும்.

இந்தச் சிறு குழாய்க்குள் நடக்கும் வேலையை எத்தனை முறை பாடம் நடத்தினாலும் எனக்கு அலுப்பதில்லை. ஐந்து மகரந்தப்பைகளும் பக்கவாட்டில் ஒட்டி, குழாய்க்குள் இன்னொரு குழாயாக அமைந்திருக்கின்றன. அவை வெடிப்பது உள்பக்கமாக. ஆகவே மகரந்தம் முழுவதும் அந்த உட்குழாய்க்குள்ளேயே கொட்டிக் கிடக்கும். அப்போது சூல்தண்டு கீழிருந்து மெல்ல வளர்ந்து மேலே வருகிறது. அதன் இரண்டு கிளைகளும் அந்நேரம் கைகூப்பியதுபோல் ஒட்டியிருக்கும். வெளிப்புறத்தில் நுண்ணிய மயிர்கள் இருக்கும். புட்டுக் குழாயிலிருந்து புட்டைக் கோலால் தள்ளுவதுபோல, அது மகரந்தத்தை மேலே தள்ளிக் குழாயின் வாயில் கொண்டுவந்து வைத்துவிடுகிறது. வந்து அமரும் பூச்சியின் காலிலும் வயிற்றிலும் அது ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகுதான் இரண்டு கிளைகளும் விரிந்து, மகரந்தத்தை ஏற்கும் உட்பக்கத்தைக் காட்டுகின்றன. முதலில் கொடுப்பது, பிறகு வாங்குவது. வெளிவட்டத்து மலர்கள் முதலில் மலர்ந்து, மையத்தை நோக்கிப் போகப்போகப் பின்னால் மலர்வதால், ஒரே தலையில் ஒரே நாளில் கொடுப்பவையும் வாங்குபவையும் இருக்கும். காலை ஒன்பது, பத்து மணிக்கு நம் திடலில் போய் நின்றால், விரல்நகம் அளவுள்ள நீல வண்ணத்துப்பூச்சிகள் ஒரு தலையில் இறங்கி, அங்கேயே சுற்றிச் சுற்றி ஒவ்வொரு குழாயாக நீட்டிக் குடிப்பதைக் காணலாம். தனித்தனியாக நின்றால் எந்தப் பூச்சியும் திரும்பிப் பாராத சின்னஞ்சிறு மலர்கள், கூடி நின்று ஒரு பெரிய பூவாக வேடம் போடுகின்றன. விளிம்பிலுள்ள ஐந்தும் அந்த வேடத்துக்கான விளம்பரப் பலகை.

மலர்ந்த பின் ஒவ்வொரு சூற்பையும் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள கரிய கனியாகிறது. அதற்குள் ஒரு விதை. அப்போது பச்சைக் கிண்ணத்தின் செதில்கள் கீழ்நோக்கி மடங்கிக்கொள்ளும். பாப்பஸ் இழைகள் குடைபோல் விரியும். தலை முழுவதும் ஒரு பஞ்சு உருண்டையாகிவிடும். ஒரு காற்று போதும். ஒரு செடி ஆயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைக் காற்றில் விடக்கூடியது. இது பல்லாண்டுச் செடி என்பதையும் சொல்ல வேண்டும். கோடையில் கருகிக் கிடப்பதைப் பார்த்து, ஒரு மழைக்காலத்தோடு முடிகிற செடி என்று பலர் எழுதிவிடுகிறார்கள். தரையில் கிடக்கும் தண்டு கணுவுக்குக் கணு வேர் விடுகிறது. மேலே வெட்டினாலும், ஆடு மேய்ந்தாலும், ஓட்டப்பந்தயக்காரர்கள் மிதித்தாலும், தரையோடு ஒட்டிய கணு ஒன்று மிஞ்சினால் முதல் மழைக்கு அது துளிர்த்துவிடும்.

இனி இலை. எதிரெதிராக அமைந்தது, விளிம்பு ஒழுங்கற்ற பற்களோடு இருக்கும். தண்டிலும் இலையின் இருபுறத்திலும் சொரசொரப்பான சுணை உண்டு. லென்சில் பார்த்தால் ஒவ்வொரு மயிரும் அடியில் சற்றுப் பருத்து, பல செல்கள் சேர்ந்து எழுந்திருப்பது தெரியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தச் செடி எந்த நாட்டுச் செடி? இந்தக் கேள்விக்கும் நான் ஒருமுறை தவறாக விடை எழுதியவன். எங்கள் காலத்தில் உலர்தாவரத் தாள்கள் இருபத்தைந்து ஒட்டித் தர வேண்டும். இந்தச் செடியின் தாளில், தாயகம் என்ற இடத்தில், "இந்தியா, பண்டைக்காலந்தொட்டுச் சித்தர்கள் கையாண்ட மூலிகை" என்று எழுதியிருந்தேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை. அப்பத்தா கையில் பார்த்த இலை என்பதால் அப்படித்தான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். எங்கள் பேராசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மெக்சிகோ, நடு அமெரிக்கா என்று மேலே எழுதினார். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்குப் பெயர் சூட்டியபோது அவர் குறித்த இடம் மெக்சிகோவின் வெராக்ரூஸ். கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்து, 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்த மதராஸ் மாகாணத் தாவர நூலில் இது இடம்பெற்றிருக்கிறது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகத்திலிருந்து அருட்தந்தை மேத்யூ 1980-களில் வெளியிட்ட தமிழ்நாட்டுக் கர்நாடகச் சமவெளித் தாவர நூலிலும் இருக்கிறது. இங்கே வந்து, பரவி, ஊர்ப்பெயர்கள் பெற்று, ஊர் மருந்தாகிவிட்ட ஒரு வெளிநாட்டுச் செடி. மிளகாயும், நிலக்கடலையும், கொய்யாவும் அதே கண்டத்திலிருந்து வந்தவைதாமே! மிளகாய் இல்லாத குழம்பை நம் முன்னோர் உண்டார்கள் என்றால் நம்பக் கடினமாக இருக்கிறதல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

வந்த செடி எல்லாம் ஒரே மாதிரி வரவேற்பைப் பெறுவதில்லை. இதே குடும்பத்தின் பார்த்தீனியமும் அமெரிக்க வெப்பமண்டலச் செடிதான். 1950-களில் புனே பக்கம் கவனத்துக்கு வந்து, பின்னர் நாடெங்கும் பரவியது. தோல் அரிப்பையும் மூச்சுத்திணறலையும் உண்டாக்குவதால் அதை வேரோடு பிடுங்க நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களே நடத்தியிருக்கிறோம். டிரைடாக்ஸோ நம் வீட்டுப் பிள்ளையாகிவிட்டது. ஆனால் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதன் பெயர் தீங்குக் களைகளின் அரசுப் பட்டியலில் இருக்கிறது.

இப்போது மாணவரின் கேள்விக்கு வருகிறேன்.

1992-ஆம் ஆண்டு. மேற்சொன்ன செய்முறைத் தேர்வு நடந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. எங்கள் பெரியப்பா மகன், எனக்கு நான்கு வயது மூத்தவர், ஆட்டுக்குத் தழை வெட்டும்போது அரிவாள் நழுவிப் பாதத்தில் வெட்டிக்கொண்டார். பட்டியின் ஓரத்தில் நின்றிருந்தார். அப்பத்தா ஓடிவந்து, பக்கத்திலேயே படர்ந்திருந்த தாத்தாப் பூவின் இலையைப் பறித்துக் கசக்கிப் பிழிந்து, பழந்துணியால் கட்டினாள். "ரத்தம் நின்னுபோச்சு, இனி ஒண்ணுமில்ல" என்றாள். உண்மையில் நின்றுவிட்டது. நானும் அருகில்தான் இருந்தேன். கல்லூரியில் அந்தச் செடியின் பெயரைப் படித்தவன் என்ற பெருமையில், அதன் லத்தீன் பெயரை அண்ணனிடம் சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறது. மூன்று நாளில் வலி குறைந்து அண்ணன் நடமாடத் தொடங்கினார். எட்டாம் நாள் காலை கஞ்சி குடிக்க வாயைத் திறக்க முடியவில்லை என்றார். பல்வலி என்று நினைத்து உப்புநீர் வைத்துக் கொடுத்தோம். மறுநாள் கழுத்து விறைத்தது. மாலையில் உடம்பு வில்போல் வளைந்தது. வேன் பிடித்து நகரத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். நான்காம் நாள் அண்ணன் இறந்துபோனார். அவருக்கு இருபத்திரண்டு வயது.

டெட்டனஸ் என்னும் இரணஜன்னி அது. அதற்குக் காரணமான நுண்ணுயிர் மண்ணிலும் கால்நடைகளின் சாணத்திலும் விதைபோன்ற உறங்கும் நிலையில் பல ஆண்டுகள் கிடக்கக்கூடியது. காற்று படும் இடத்தில் அது வளராது. 1889-இல் ஜப்பானியரான கிட்டாசாட்டோ, காற்றில்லாத சூழலை அமைத்துத்தான் அதைத் தனியே வளர்த்துக் காட்டினார். ஆழமான காயத்துக்குள் மண்ணோடு போய், மேலே மூடிக்கொண்டால் அதற்கு வேண்டிய இடம் கிடைத்துவிடுகிறது. அங்கிருந்து அது சுரக்கும் நஞ்சுதான் நரம்புகளைத் தாக்கித் தசைகளை இறுக்குகிறது. அடுத்த ஆண்டே, 1890-இல், பேரிங்கும் கிட்டாசாட்டோவும் அந்த நஞ்சை முறிக்கும் பொருள் நோய் எதிர்ப்புப் பெற்ற விலங்கின் குருதியில் இருப்பதைக் கண்டார்கள். தடுப்பூசி பின்னால் வந்தது. நம் நாட்டில் குழந்தைகளுக்கான விரிவான தடுப்பூசித் திட்டம் 1978-இல் தொடங்கியது. அண்ணன் அதற்கு முன் பிறந்தவர். அவருக்கு ஒருமுறைகூட அந்த ஊசி போடப்படவில்லை.

அப்பத்தா அதன்பின் பல ஆண்டுகள் இருந்தாள். அந்த இலையைத் தொடவே மாட்டாள். இலை ஏமாற்றிவிட்டது என்று அவள் நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை. இலை தன்னால் முடிந்ததைச் செய்தது; இரத்தத்தை நிறுத்தியது. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்த்தது நாங்கள். இந்தச் செடியைப் பற்றி 1980-களிலிருந்து நம் நாட்டு ஆய்வகங்களிலேயே சோதனைகள் நடந்திருக்கின்றன. எலிகளில் ஏற்படுத்திய காயங்களில் இதன் சாறு ஆறுதலுக்குத் துணைசெய்வதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும் ஸ்டீராய்டு மருந்து கொடுக்கப்பட்ட எலிகளிலும் அந்தத் தாமதத்தை இது ஓரளவு ஈடுசெய்ததாகத் தெரிவித்திருக்கிறார்கள். ஆகவே மக்களின் அனுபவம் பொய்யன்று. ஆனால் அந்த ஆய்வுகளில் பயன்பட்டது ஆய்வகத்தில் பிரித்தெடுத்த சாறு. காயமும் ஆய்வகத்தில் உண்டாக்கிய தூய காயம். ஆட்டுப்பட்டியில் அரிவாளால் வெட்டுப்பட்ட பாதம் வேறு.

இலையின் சுணையை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? தரையோடு தரையாகப் படர்ந்த செடி இது. மழைத்துளி தெறிக்கும் மண்ணும், காலால் கிளம்பும் புழுதியும், ஆடுமாடு போட்டதன் தூளும் அந்தச் சுணையில்தான் வந்து தங்கும். அதைக் கழுவாமல் கசக்கி, ஆழமான வெட்டுக்குள் திணித்து, மேலே இறுகக் கட்டினால் என்ன நடக்கும் என்பதை மாணவர்களே எண்ணிப் பார்க்கலாம். அண்ணனுக்கு நஞ்சு அரிவாளிலிருந்து வந்ததா, பட்டி மண்ணிலிருந்து வந்ததா, இலையிலிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சோப்பும் ஓடும் தண்ணீரும் இருந்தும் காயத்தைக் கழுவவில்லை, ஊசி போடவில்லை என்பது மட்டும் உறுதி. இலைச்சாற்றால் இரத்தம் சட்டென்று நின்றுவிட்டதால்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்ற எண்ணமே எங்களுக்கு எழவில்லை.

இன்னொரு குழப்பத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சென்ற பருவத்தில் ஒரு மாணவி இதைக் கரிசலாங்கண்ணி என்று பறித்துக்கொண்டு வந்தார். வீட்டில் மஞ்சள்காமாலைக்குச் சாறு எடுக்க வேண்டுமாம். மூலிகைச் சரக்கிலும் இந்த மாற்றம் நேர்வதுண்டு என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டும் ஒரே குடும்பம், இரண்டுக்கும் எதிரிலை, அங்கே ஒற்றுமை ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. கரிசலாங்கண்ணி வாய்க்கால் ஓரம், வயல்வரப்பு என ஈரமான இடத்தை நாடும், தலை சிறியது, வெள்ளை, காம்பு குட்டை, காயில் பறக்கும் குஞ்சம் கிடையாது. தண்டைக் கசக்கினால் சாறு சற்று நேரத்தில் கறுத்துவிடும். நம் பூண்டோ வறண்ட திடலில் நீண்ட காம்பை நீட்டிக்கொண்டு நிற்கும். மஞ்சள்காமாலையை எந்தச் சாற்றாலும் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம் என்றும் அந்த மாணவியிடம் சொன்னேன். அவர்கள் வீட்டில் மருத்துவரிடமும் காட்டினார்கள் என்று பின்னர் அறிந்தேன்.

இந்தக் கட்டுரையை முடிக்கும் முன், காயம்பட்ட அந்த மாணவரையும் கேள்வி கேட்ட அவருடைய தோழரையும் ஒருநாள் மாலை ஆய்வகத்துக்கு வரச் சொன்னேன். வரும் வழியில் திடலிலிருந்து ஓர் இலையைப் பறித்து, கழுவாமல், அப்படியே கொண்டுவாருங்கள் என்றேன். அதை நுண்ணோக்கியின் கீழ் வைத்தேன். கேள்வி கேட்டவர்தான் முதலில் குனிந்து பார்த்தார். நெடுநேரம் திருகைத் திருப்பிக்கொண்டே இருந்தார். "முடி முடியா நிக்குது சார். இடையில எல்லாம் மண்ணு" என்றார். பிறகு மற்றவர் பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கால்சட்டையைச் சற்று உயர்த்தி, கெண்டைக்காலிலிருந்த வெள்ளைத் தழும்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

போகும்போது ஒரு தலையைப் பிரித்துக் காட்டும்படி கேட்டார்கள். வெள்ளைத் தாளை விரித்து ஊசியை அவர்கள் கையிலேயே கொடுத்தேன். இருட்டிவிட்டதால் பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. மீதியை எண்ணுவதற்கு வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.